தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு

செப்டம்பர் 8, திங்கள்

தீவனக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழி நிற்கிறது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது, இன்றைக்குத்தான் இதற்கு வேலை வந்திருக்கிறது. கோயம்புத்தூர் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம், வேலை நடக்கிற நாளில் செய்ததை அன்றன்றே எழுதி வைப்பது. மற்றதையெல்லாம் அடையாள அட்டையோடு சேர்த்து மேனேஜர் மேஜையில் விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

நாமக்கல்லில் சொந்தமாகப் போர்டு மாட்டி ஏழு மாதம். இதுவரை வந்ததெல்லாம் கேமரா மாட்டுவதும், மக்கர் பண்ணுகிற பிரிண்டரைத் தட்டி எழுப்புவதும்தான். இதுதான் முதல் பெரிய வேலை. மோகனூர் சாலையில் அண்ணமார் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். முன்னால் ஆபீஸ். வண்டிப் பாதையைத் தாண்டி நூற்றெண்பது மீட்டர் தள்ளிப் பொரிப்புக் கட்டடம். பக்கத்தில் முட்டைக் கிடங்கு. மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் கட்ட வேண்டும். பொரிப்பு மெஷின்களுக்குள் இருக்கிற சூடு ஆபீஸ் திரையிலும் முதலாளி போனிலும் தெரிய வேண்டும். கூடினால், குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டும்.

முதலாளி நாச்சிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மிணி, கம்பத்துல எல்லாம் ஏறுவியா?"

"ஏறுவனுங்க சார். ஆனா இங்க கம்பமே வேண்டாம், பூமிக்கடியில போறோம்."

சிரித்துவிட்டார். இது சரியாக வந்தால் அவர் தம்பியின் நாலு பண்ணையும் எனக்குத்தானாம். வீடு வந்து சேரும்வரை அந்த நாலு பண்ணையும் என்னோடு ஸ்கூட்டரில் வந்தன.

பொரிப்புக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியது பாவாயி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினாறு வருஷமாக மணிக்கொரு தடவை மெஷின் கண்ணாடி வழியே வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. நான் மெஷின் கதவில் கை வைத்தேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"கதவத் தொறந்தா சூடு எறங்கிரும் அம்மிணி. உள்ளுக்குள்ள உசுரு இருக்குதுங்க."

அடிக்கிற கைக்கு 'ங்க' வேறு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

குழி தோண்டினோம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி போட்டால் ஒரே இடிக்கு இரண்டு பக்கத்து நெட்வொர்க் பெட்டியும் போய்விடும். அதனால் கண்ணாடி இழை. தலைமுடி கனத்துக் கண்ணாடிக்குள் வெளிச்சம் போய்வரும், அவ்வளவுதான் சூட்சுமம். முனையில் ஒரு தூசி பட்டால் போச்சு. ஆபீசில் இருந்த எல்லோரிடமும் மூன்று தடவை சொல்லிவிட்டேன்: முனையை யாரும் தொடக் கூடாது.

செப்டம்பர் 12, வெள்ளி

பாறை. நாள் பூராவும் பாறை. ஆறு மீட்டர்தான் நகர்ந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

வந்துவிட்டது! ஆபீஸ் திரையில் பச்சை எழுத்தில் மெஷின் ஒன்று 99.5, மெஷின் இரண்டு 99.6 டிகிரி, பாரன்ஹீட்டில். முட்டைக்கு வேண்டிய சூடு அதுதான். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாவாயியைக் கூப்பிட்டார்.

"இனி உனக்கு மணிக்கொருக்கா நடை வேண்டாம். நாளையிலிருந்து கிடங்குல முட்டை தரம் பிரிக்கப் போ."

பாவாயி திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்தக் கம்பி அறுந்துபோச்சுன்னா அதுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கக்கா. கத்தும். மொதலாளி போன், என்ற போன் ரெண்டும் கத்தும்."

"நெசமா கத்துமா?"

"நான் சொல்றேனில்லங்க."

நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புதுசாக எது வந்தாலும் இவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 19, வெள்ளி

புது முட்டை ஏற்றினார்கள். மெஷினுக்குப் பதினாறாயிரம். இருபத்தொன்றாம் நாள், அதாவது அக்டோபர் பத்து, குஞ்சு வரும். என் நெட்வொர்க் பார்க்கப்போகிற முதல் ஈடு. பையனுக்கு ஒரு குஞ்சு கேட்டு வாங்கி வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் பொரிப்புக் கட்டடத்துப் பெட்டி இரண்டு நிமிஷம் அணைந்து எழுந்தது. இணைப்பு அறுந்ததாக நினைத்து அலாரம் அடித்துவிட்டது. முதலாளி திருச்செங்கோட்டில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்திருக்கிறார்.

"ஏம்மிணி, பொண்ணுக்குப் பூ வைக்கிற நேரத்துல என்ற பாக்கெட்டுக்குள்ள சங்கு ஊதுது! அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க!"

மன்னிப்புக் கேட்டேன். யூ.பி.எஸ். வைத்தால் தீர்ந்துவிடும். சேலத்துக் கடையில் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று மூன்று தடவை. மூன்றாவது தடவை முதலாளி கத்தவில்லை, நிதானமாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு ஒத்து வரலீன்னா சொல்லிரு, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார்.

இணைப்பு அறுந்தால் வருகிற அலாரத்தை மட்டும் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். சூடு கூடினால் அடிக்கிற அலாரம் அப்படியே இருக்கிறது, முக்கியமானது அதுதானே. கரண்ட் போகிற இரண்டு நிமிஷமும் திரையில் கடைசியாக வந்த எண்ணே நிற்கும். யாருக்கும் பயமில்லை, எனக்கும் திட்டில்லை. யூ.பி.எஸ். வந்ததும் மறக்காமல் திருப்பிப் போட வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

யூ.பி.எஸ். பூஜை கழிந்துதானாம். முதலாளி கூப்பிட்டு, "இப்பத்தான் அம்மிணி பொட்டி அடங்குச்சு" என்று பாராட்டினார். தம்பியிடம் என்னைப் பற்றிச் சொல்லியாகிவிட்டதாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரிப்பகத்தில் மற்ற நாளில் எதையும் நிறுத்த முடியாது, இன்றைக்கும் மெஷினை நிறுத்த முடியாது. அதனால் ஓடுகிற மெஷினுக்கே மாலை. காலையிலிருந்து பாவாயிதான் பொரிப்புக் கட்டடத்தைக் கூட்டிக் கழுவினார். சாயங்காலம் ஸ்பேனர், தராசு, வண்டிச் சாவி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக ஏறின. முதலாளி, "உன்ற ஆயுதத்தையும் கொண்டாந்து வை அம்மிணி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்ல என்ன வெட்கம். பொரிப்புக் கட்டடத்துச் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தேன். துடைத்துச் சந்தனம் குங்குமம் நானே வைத்தேன்.

கற்பூரம் காட்டும்போது வேலையாட்கள் நாற்பது பேரும் உள்ளே நிற்க, பாவாயி மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றார். கூப்பிட்டேன். தலையை ஆட்டிவிட்டார். என் பெட்டிக்கு நடக்கிற பூஜையைப் பார்க்கக்கூடப் பொறுக்கவில்லை போல. திமிர்.

படையல் முடிந்ததும் பெட்டியை மாட்டி வயரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. நம் வீட்டுப் படையலுக்கு நேரமாகிறது என்று வீட்டிலிருந்து மூன்று போன். பொரியும் கடலையுமாக ஒரு பை கொடுத்தார்கள். விரலில் சந்தன வாசம் இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. பையனுக்கு முடி வெட்டினோம். ஆபீஸ் திரையைப் போனில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். மெஷின் இரண்டு 99.6. தங்கம்.

அக்டோபர் 3, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு முதலாளி போன். மெஷின் இரண்டில் காற்றாடி பெல்ட் அறுந்துவிட்டது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலையாக இருக்கலாம். சூடு நூற்று நாலு. மெஷினோடு வந்த பழைய மணி அடித்து இரண்டு வருஷமாகிறது, புது நெட்வொர்க் வருகிறதே என்று அதை யாரும் சரி பண்ணவில்லை. கிடங்குக்குப் போகிற வழியில் பாவாயிக்குக் காற்றாடிச் சத்தம் கேட்கவில்லையாம். போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குள் ஓடி, ஹீட்டரை அணைத்து, கத்தியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் திரையில் மெஷின் இரண்டு 99.6. பச்சை எழுத்து. முதலாளி திரையைக் காட்டினார்.

கடைசியாகத் தகவல் வந்தது புதன்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு. ஒன்றரை நாளாக அந்த எண் சும்மா நின்றிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

பொரிப்புக் கட்டடத்துப் பெட்டியில் கண்ணாடி இழையின் முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மஞ்சளாகக் காய்ந்த ஒரு திட்டு. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், தகவல் வந்துவிட்டது. ஈரமாக இருந்தவரை வெளிச்சத்தை விட்டிருக்கிறது, காய்ந்ததும் அடைத்துவிட்டது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்னாச்சு?"

"இணைப்பு சரியா இல்லீங்க சார்."

"யாரோ தொட்டிருக்காங்களா?"

"தொட்டிருக்காங்க." இது பொய் இல்லை.

"புதன்கிழமை இந்த ரூம்பக் கழுவுனது பாவாயி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? களத்தில் நாற்பது பேரையும் நிற்கவைத்துப் பாவாயியைப் பிடித்துக்கொண்டார். நடை போன ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கிவிட்டாளாம், உப்புப் போட்ட வீட்டுக்கே உலை வைத்துவிட்டாளாம். பாவாயி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "நான் தொடலீங்க."

வேலையாட்களுக்கான பண்ணை லைன் வீட்டில்தான் பாவாயி குடியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள். தீபாவளிக்கு முந்தி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி.

சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

அக்டோபர் 6, திங்கள்

யூ.பி.எஸ். வந்தது. வைத்தேன். அந்த அலாரத்தைத் திருப்பிப் போட்டேன். நிறுத்தி வைத்திருந்தது பற்றி யாரும் கேட்கவில்லை.

நாச்சிமுத்துவின் தம்பி போன் பண்ணினார். "உங்க மேல தப்பில்லீன்னு அண்ணன் சொன்னாருங்க. தீபாவளி கழிச்சுப் பேசலாம்." நன்றி சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கப் போனேன். லைன் வீட்டு வாசலில் பாவாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி போயிருக்கலாம். கால் போகவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க வயரைத் தொட்டீங்களா?" என்று கேட்டேன். என்ன தைரியம் எனக்கு!

"கீழ கூட்டுனேன், தண்ணி ஊத்திக் கழுவுனேன். சுவத்துப் பக்கமே போகலீங்க. பூசைக்குப் பொட்டு வெக்கற சாமானம் எதையும் நான் தொடறதில்லீங்க அம்மிணி. அவரு போயி ஒம்பது வருசமாச்சு. நல்ல காரியத்துல நான் எட்டத்தான் நிப்பேன்."

வாசற்படிக்கு வெளியே நின்றது அதற்காக.

பன்னிரண்டாம் வகுப்பு மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இவங்கதாம்மா அந்தப் பொட்டிக்காரங்க?" என்றாள். பாவாயி, "ஆமாங்கண்ணு, உள்ள போயிப் படி" என்றார்.

கையெழுத்து வாங்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

குஞ்சு பொரிந்தது. மெஷின் ஒன்றில் பதினாறாயிரத்துக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம். அறை பூராவும் கீச்சுக்கீச்சென்று சத்தம். மெஷின் இரண்டின் தட்டுகளை இழுத்தார்கள். சத்தமே இல்லை. மேல் தட்டுகளில் ஒன்றுகூட இல்லை. அன்றைய சூட்டில் பலமிழந்து, பாதி ஓடு உடைத்து, மூக்கை வெளியே நீட்டியபடி செத்தவை. அடித் தட்டுகளில் தேறியது இரண்டாயிரத்து நூறு. அந்த இரண்டாயிரத்து நூறும் பாவாயி ஹீட்டரை அணைத்ததால் பிழைத்தவை.

பையன் குஞ்சு எங்கே என்றான். முதுகில் ஒன்று வைத்தேன். அழுதான். அப்புறம் நானும் அழுதேன். வீட்டுக்காரர் வந்து, "என்னாச்சு சுகந்தி?" என்றார். வேலைக் களைப்பு என்றேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். கோழிப் படத்துக்கு மேலே என் கையெழுத்தில் எல்லாம் இருக்கிறது. செப்டம்பர் 15: "கத்தும்." செப்டம்பர் 23: நிறுத்தினேன். அக்டோபர் 1: விரலில் சந்தன வாசம். மூன்று தடவை ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டு, அந்த முனையைச் சந்தனக் கையோடு செருகியது நான். அது அடைத்துப்போனதைச் சொல்ல வேண்டிய அலாரத்தின் வாயைக் கட்டியதும் நான். நான்காம் தேதி துடைத்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு நாலு பண்ணை.

பத்து மணிக்கு முதலாளி முன்னால் டைரியைத் திறந்துவைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'திமிர்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார்.

"என்ற தம்பி பண்ணைகள மறந்துரு" என்றார்.

"மறந்துட்டனுங்க."

"பாவாயிய இருக்கச் சொல்லிடறேன். நீ பேசாமப் போ. இது வெளிய தெரிய வேண்டாம். நாப்பது பேரு முன்னால பேசிப்போட்டு, இப்ப நான் பேசுனது தப்புன்னு ஆச்சுன்னா, நாளைக்கு ஒருத்தன் என்னை மதிப்பானா?"

சரி என்று தலையாட்டிவிட்டு லைன் வீட்டுக்குப் போனேன். பாவாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மொதலாளி என்னை நாப்பது பேரு முன்னால பேசுனாருங்க. எம்புள்ளையப் பள்ளிக்கோடத்துல 'முட்டை கொன்னவ மக'ன்னு கூப்பிடறாங்க. நீங்க வந்து எங்கூட்டுக்குள்ள, காதுல சொல்றீங்க."

எழுந்து மூட்டையைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். "இப்பிடி இருக்கறதுக்கு நான் போயிடறேன் அம்மிணி."

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். இவர், "சொன்னா இந்த ஊருல ஒருத்தரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்களே" என்றார். தெரியும். பயமாக இருக்கிறது. பல் தேய்க்கும்போதுகூடப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

காலை எட்டு மணி. களத்தில் எல்லோரும் பேர் கொடுக்க நிற்கிற நேரம். முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. பாவாயி அக்கா வயரைத் தொடவே இல்ல. பூசையன்னைக்குப் பொட்டியைக் கழட்டுனது நான். சந்தனக் கையோட மாட்டுனது நான். கத்த வேண்டிய அலாரத்த நிறுத்தி வெச்சிருந்ததும் நான். அந்தக்கா போகலீன்னா மிச்சமான ரெண்டாயிரம் குஞ்சும் செத்திருக்கும்."

பின்வரிசையில் ஒருவர், "அடப் பாவமே" என்றார். எனக்கா, முட்டைக்கா, பாவாயிக்கா என்று தெரியவில்லை. முதலாளி முகம் சிவந்துவிட்டது. ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். பாவாயியைப் பார்த்து, "நானும் வெசாரிக்காமப் பேசிப்போட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் களத்தில் வைத்துச் சொன்னார்.

பாவாயி அவருக்குத் தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 15, புதன்

முதலாளி வரச் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார் என்று ஸ்குரூடிரைவரோடு போனேன். பாவாயி ஆபீசில் நின்றார். "கழட்ட வேண்டாமுங்க. ஆனா என்ற போனும் கத்தணும். மணிக்கொருக்கா என்ற நடையும் இருக்கணும்" என்றாராம். முதலாளி இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பாவாயி போனில் அலாரத்தை ஏற்றிக் கொடுத்தேன். பெட்டியின் சுவிட்சை அணைத்தால் மூன்று போனும் அலறும் என்று காட்டினேன். அணைத்தார், அலறியது. போட்டார். மறுபடி அணைத்தார்.

"தெனமும் காத்தால ஆறு மணிக்கு அணைச்சுப் பாப்பனுங்க" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளிக்கு நடுவிலும் ஒரு நாள் தவறவில்லை. ஆறு மணிக்கு என் போன் அலறும். பாவாயி கூப்பிடுவார். "கத்துச்சுங்களா?" "கத்துச்சுங்கக்கா." வைத்துவிடுவார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. முதலாளி அந்த நேரத்தில் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறாராம்.

புது வேலை ஒன்றும் வரவில்லை. ஒரு பிரிண்டர் வந்தது.

அக்டோபர் 27, திங்கள்

இன்று ஆறு மணிக்குப் போன் அலறவில்லை.

ஆறு மூன்று. ஆறு ஐந்து. பாவாயிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. பல்கூடத் தேய்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் அந்தத் தட்டுகள்தான் கண்ணில். வண்டியைக் களத்தில் போட்டுவிட்டுப் பொரிப்புக் கட்டடத்துக்கு ஓடினேன்.

காற்றாடிச் சத்தம் கேட்டது. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் இரண்டுக்கு முன்னால் ஒரு முக்காலியில் பாவாயி உட்கார்ந்திருந்தார், மடியில் நோட்டு. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"என்னாச்சுங்கக்கா? ஏன் இன்னைக்கு அணைக்கல? ஏன் போன எடுக்கல?" எனக்கு மூச்சு வாங்கியது.

"பொட்டி கத்துமுன்னு பன்னெண்டு நாளாத் தெரிஞ்சுபோச்சுங்க. கத்தலீன்னா நீங்க வருவீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுகைதான் வெளியே வந்தது. பாவாயி எழுந்து முக்காலியை என் பக்கம் தள்ளினார். அப்புறம் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுதினார். ஆறு நாற்பது. தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.